கணக்குக் காட்டுக, தமிழில் காட்டுக!

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் ஆலங்குடி வட்டத்து வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் முதலிய ஊர்களில் மொய்விருந்துப் பந்தல்கள் எழுகின்றன. ஆட்டுக்கறிக் குழம்பு மணக்கும் பந்தலின் வாயிலில் வரிசையாக மேசைகள். ஒருவர் பணம் வாங்குகிறார்; ஒருவர் எண்ணுகிறார்; ஒருவர் எழுதுகிறார். கொடுத்தவர் பெயர், ஊர், தொகை, அது பழைய மொய்யா புதிய மொய்யா என்பது வரை அனைத்தும் சுவடியில் ஏறுகின்றன. அண்மைக் காலத்தில் பணமெண்ணும் பொறியும் கணினியும் பந்தலுக்குள் வந்துவிட்டன. ஆயினும் முறை மாறவில்லை. நூறு உருபா எழுதிய கிழவிக்கும் நூறாயிரம் எழுதிய வணிகர்க்கும் ஒரே சுவடிதான், ஒரே மைதான். எழுதப்படுவது தமிழில், எழுதியதைப் படித்துப் பார்க்கும் உரிமை எழுதக் கொடுத்தவர்க்கு உண்டு.

மொய்விருந்தில் குறையே இல்லை என்று எவரும் சொல்லார். திருப்பிச் செய்யவேண்டிய மொய் பல குடும்பங்களின் கழுத்தை இறுக்கும் கடனாகிவிட்டதும் உண்மையே. அஃது ஈகையன்று, உறவுக்குள் சுழலும் கைம்மாற்று. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. திருப்பிக் கேட்கும் பணத்துக்கு இவ்வளவு செம்மையான கணக்கு வைக்கத் தெரிந்த நாட்டிலே, திருப்பிக் கேட்காமல் அறம் என்று எண்ணிக் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் ஏன் கணக்கில்லை?

தொண்டின் பெயரால் தண்டப்படும் பணம் எங்கே போகிறது? அதில் தலைவர் எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு? இவ்விரண்டையும் அறியும் உரிமை எவர்க்கு உண்டு? தமிழர் இனியும் கேளாதிருக்கக் கூடாத கேள்விகள் இவை.

புயல் காட்டிய இரு வழிகள்

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் வேதாரணியம் அருகே கரையேறிய கசாப் புயல், ஆலங்குடி வட்டாரத்தையும் புரட்டிப் போட்டது. பிள்ளையைப் போல வளர்த்த தென்னைகளும் பலாமரங்களும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. வாழைத் தோட்டங்கள் மடிந்து மண்ணோடு மண்ணாயின. தென்னை மீண்டும் காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று எண்ணி உழவர் வாய்விட்டு அழுதனர்.

அந்நாளில் தமிழ் மக்கள் காட்டிய ஈகை பெரிது. இளைஞர்கள் சரக்குந்துகளில் அரிசியும் தார்ப்பாயும் மெழுகுதிரியும் ஏற்றிக்கொண்டு இருண்ட ஊர்களுக்கு வந்தனர். கடல் கடந்த தமிழரும் அனுப்பினர். ஆலங்குடிப் பக்கத்துச் சாலையோரத் தேநீர்க்கடைக்காரர் ஒருவர், தம் வாடிக்கையாளர் தமக்குத் தரவேண்டிய கடனையெல்லாம் தள்ளிவிட்டதாகக் கடையிலேயே எழுதி வைத்தார். வயநாட்டில் 2024இல் மலை சரிந்து ஊர்கள் புதைந்தபோது, அவரே தேநீர் மொய்விருந்து நடத்தி, வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு இட்ட பணத்தைத் துயர்துடைப்புக்கு அனுப்பினார். அவர்க்கு இயக்குநர் பட்டம் இல்லை. குளிர் அறை இல்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஆண்டறிக்கை இல்லை. பணம் போட்டவர்கள் கண்முன்னே சேர்ந்தது, கண்முன்னே எண்ணப்பட்டது. அஃது ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு. பேரிடர் நேர்ந்த மறுநாளே ஊர்திகள் வந்து நிற்கும். நிழற்படம் எடுப்போர் இறங்குவர். கூரையிழந்த வீட்டின்முன் ஒரு தாயை நிறுத்தி, பிள்ளையை இடுப்பில் ஏற்றச் சொல்லிப் படம் எடுப்பர். படம் பெருநகரத்து அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும், பணமாகத் திரும்பும். ஆனால் அந்தத் தாய்க்கு, தன் படத்தைக் காட்டி எவ்வளவு தண்டினார்கள், அதில் எவ்வளவு தன் ஊருக்கு வந்தது, எவ்வளவு வழியிலேயே நின்றது என்று யாராவது சொன்னதுண்டா? சாய்ந்த தென்னைக்கு உரியவன் தன் தென்னை எத்தனை அறிக்கைகளில் அச்சேறியது என்றாவது அறிவானா? துயரம் அவனுடையது, துயரத்தின் விலை மட்டும் வேறொருவன் பெட்டியில்.

தொண்டர் என்னும் சொல்லைச் சேக்கிழார் எத்தகையோர்க்குச் சூட்டினார்? விருந்தினர் பசிக்காக அன்று விதைத்த நெல்லை நள்ளிரவில் வாரி வந்த இளையான்குடி மாறனாருக்குச் சூட்டினார். அன்றைய தொண்டர் தம் விதைநெல்லைப் பிறர்க்கு வாரிக் கொடுத்தார். இன்று அச்சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்ட சிலர் பிறர் விதைநெல்லைத் தமக்கு வாரிக்கொள்கின்றனர்!

ஊதியம் குற்றமா?

உடனே ஒரு மறுப்பு எழும். தொண்டு செய்வோர் காற்றை உண்டா வாழ்வர்? மருத்துவர்க்கும் கணக்கர்க்கும் ஓட்டுநர்க்கும் சம்பளம் வேண்டாவா? திறமையுள்ளவர்க்குத் தக்க ஊதியம் தராவிட்டால் திறமையற்றவர் கையில் தொண்டு சீரழியாதா?

மறுப்பு முறையானதே. உழைத்தவர் கூலி பெறுவது குற்றமன்று. கூலமாகக் கொடுத்தது கூலி என்றும், சம்பாநெல்லும் அளமாகிய உப்பும் சேர்ந்தது சம்பளம் என்றும் பாவாணர் விளக்குவார். வயிற்றுக்குச் சோறும் சோற்றுக்கு உப்பும் எவர்க்கும் உரியவை. சிற்றூரில் வீடுவீடாக ஏறி இறங்கும் களப்பணியாளர்க்குச் சோற்றுக்கும் போதாத தொகை கொடுத்துவிட்டு, 'தொண்டுள்ளத்தோடு உழையுங்கள்' என்று அறிவுரை கூறும் நிறுவனங்களையும் சேர்த்தே கண்டிக்க வேண்டும். தொண்டுள்ளம் கீழே இருப்பவர்க்கு; 'சந்தை ஊதியம்' மேலே இருப்பவர்க்கு என்பது எந்த ஊர் அறம்?

ஆகவே கேள்வி ஊதியம் உண்டா இல்லையா என்பதன்று. அது வெளிப்படையா மறைவா என்பதே கேள்வி. முறையான ஊதியமாயின் அதை மறைப்பானேன்?

சட்டம் என்ன சொல்கிறது? வரிவிலக்குப் பெறும் அறநிறுவனம் தன் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது வருமானவரி விதி. நிறுவியவர்க்கும் அவர் உறவினர்க்கும் மிகையான நலம் சேரக் கூடாது என்பதும் விதி. ஆனால் மிகை எது, தகுதி எது என்பதற்குச் சட்டத்தில் ஓர் எண்ணும் இல்லை. 'ஏற்ற அளவு' என்னும் சொல்தான் உண்டு. அறப்பணியை நடத்துவதற்கென்று கொடுக்கப்படும் இயக்குநர் சம்பளமும் அந்த 85 விழுக்காட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். '85 விழுக்காடு அறத்துக்குச் செலவிட்டோம்' என்று ஒரு நிறுவனம் உண்மையாகவே சொல்லலாம். அந்த அறத்தின் உள்ளே தலைவர் மகிழுந்தும் அமர்ந்திருக்கலாம்!

நிருவாகச் செலவு குறைவு என்று பெருமை பேசுவதிலும் இதே கண்கட்டு உண்டு. ஒருவர் சம்பளத்தை 'நிருவாகம்' என்னும் கட்டத்திலும் எழுதலாம். 'திட்டம்' என்னும் கட்டத்திலும் எழுதலாம். கட்டம் மாறினால் விழுக்காடு மாறும். பணம் போகும் பை மாறாது. ஆதலின் விழுக்காட்டைக் கேட்டு ஏமாறாமல் தொகையைக் கேட்க வேண்டும். இன்ன பதவியில் இருப்பவர்க்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இங்கே கணக்குக் கேட்க யார் இருக்கிறார்? மராட்டியத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்தது. அதற்கென அறநிலை ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிவு செய்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பதிவாளர்க்குக் கணக்கு அனுப்ப வேண்டும். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆவணத்தைப் பதிந்து அறக்கட்டளையாகத் தொடங்கினால், மராட்டியத்தில் உள்ளதுபோல் மேற்பார்க்கும் ஆணையர் இங்கே இல்லை. அனுப்பவேண்டியவர்களாவது அனுப்புகிறார்களா? 2015இல் நடுவண் புலனாய்வுத் துறை உச்ச நயன்மன்றத்தில் தந்த கணக்குப்படி, இந்தியாவில் ஏறத்தாழ 30 இலக்கம் தொண்டு அமைப்புகள் இருந்தன. அவற்றுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே வரவு செலவுக் கணக்கை ஒப்படைத்திருந்தன. பத்துப்பேர் மொய் வாங்கி ஒன்பதுபேர் சுவடியைக் காட்டாவிட்டால் வடகாட்டுப் பந்தலில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

பிற நாட்டார் படிப்பினை

அமெரிக்காவில் ஒன்றிணைந்த வழி என்னும் பெருந்தொண்டு அமைப்பின் தலைவராக வில்லியம் அரமோனி என்பார் இருந்தார். ஆண்டுக்கு 4,63,000 தாலர் அளவுக்கு ஊதியமும் பிற நலங்களும் பெற்றவர். அமைப்பின் பணத்தைத் தம் சொந்த இன்பங்களுக்குச் செலவிட்டார் என்பது வெளியாகவே 1992இல் பதவி விலகினார்; 1995இல் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு ஏழாண்டுச் சிறை பெற்றார். தொழிற்சாலைத் தொழிலாளர் தம் வாரக்கூலியில் பிடித்துக் கொடுத்த காசு அது.

2010இல் எயித்தி நாட்டில் நிலம் நடுங்கிப் பல்லாயிரவர் மாண்டபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறத்தாழ 50 கோடித் தாலர் தண்டியது. 2015இல் அந்நாட்டுச் செய்தியாளர் ஆராய்ந்து, அச்சங்கம் அங்கே கட்டிய நிலையான வீடுகள் ஆறே ஆறு என்று எழுதினர். பழுதுபார்த்தும் தற்காலிக உறைவிடம் தந்தும் நூறாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு உதவியதாகச் சங்கம் மறுமொழி கூறியது. ஆயினும் தண்டியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சங்கத்தின் உள்செலவுக்கே போயிற்று என்று அந்நாட்டு மேலவை உறுப்பினர் ஒருவரின் ஆய்வு 2016இல் காட்டியது.

இந்நிகழ்ச்சிகளைச் சொல்வது வெள்ளையர் குறையை எண்ணி மகிழ்வதற்கன்று. குறை எப்படி வெளிவந்தது என்பதே கருதத்தக்கது. அந்நாட்டில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு, தன் தலைவர்க்கும் முதன்மை அலுவலர்க்கும் எவ்வளவு கொடுத்தது என்பதைப் பெயரோடும் தொகையோடும் ஆண்டுப் படிவத்தில் எழுத வேண்டும். எந்தக் குடிமகனும் அதைக் கேட்டுப் படிக்கலாம். பிரித்தானியாவில் பெரிய அறநிறுவனங்கள் 60,000 பவுனுக்கு மேல் ஊதியம் பெறுவோர் எத்தனைபேர் என்று அறிவிக்க வேண்டும். அங்கே திருடர் இல்லை என்பதில்லை, விளக்கு எரிகிறது. இங்கே விளக்கையே ஏற்றவில்லை.

தமிழர் முன்பே செய்தது

இது வெளிநாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ணித் தமிழர் கூனிக் குறுக வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் பாருங்கள். அரசன் கொடுத்தது, அவன் தமக்கை கொடுத்தது, பிறர் கொடுத்தது என்று நகைகள் எடை அளவோடு பொறிக்கப்பட்டுள்ளன. அதனினும் வியப்பானது, அக்கோயிலில் பணி செய்தோர் சம்பளமும் கல்லில் இருப்பது. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவரவர் குடியிருந்த தெரு, ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொண்ட ஒரு பங்கு, நட்டுவர்க்கு இரண்டு பங்கு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெட்டி வைத்தனர். தலைமைக் கலைஞர் எத்தனை பங்கு பெற்றார், கடைசிப் பணியாளர் எத்தனை பங்கு பெற்றார் என்பதை வழிபட வந்தவர் எவரும் நின்று படிக்கலாம். அக்கோயிலில் பணிசெய்தோர் வாழ்வெல்லாம் உரிமை வாழ்வாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் பொதுச்செல்வத்திலிருந்து எவர்க்கு எவ்வளவு என்பதை மறைக்கும் வழக்கம் அக்கல்வெட்டில் இல்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டவை. அவ்வூர் அவை பார்ப்பனர் அவையே. நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அதில் இடம் என்பதை மறக்கலாகாது. எனினும் அவ்விதிகளுள் ஒன்று எக்காலத்துக்கும் பொருந்தும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியவனல்லன்; அவன் நெருங்கிய உறவினரும் உரியரல்லர். இன்றோ, கணக்குக் காட்டாதவர் நீங்கினால் அவர் மனைவி தலைவராகிறார். மனைவி நீங்கினால் மகன் செயலாளராகிறான். பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் அடைத்த வாயிலை யார் திறந்து விட்டது?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்கு வரும் வழியில் உள்ள திருவரங்குளத்துச் சிவன்கோயிற் சுவர்களும் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கின்றன. நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் போகிற தமிழன், தன் முன்னோர் கொடையைக் கல்லில் எழுதி ஊர் நடுவே வைத்தனர் என்பதை மறந்து போகிறான்.

ஆங்கிலத் திரை

அப்படியே கணக்கு வெளியிடும் நிறுவனங்களும் எந்த மொழியில் வெளியிடுகின்றன? வழவழப்பான தாளில், ஆங்கிலத்தில். பெயர் ஆங்கிலம், முத்திரை ஆங்கிலம், தணிக்கை அறிக்கை ஆங்கிலம். ஆலங்குடி உழவர்க்குத் தென்னங்கன்று கொடுத்ததாக எழுதிய பக்கத்தை ஆலங்குடி உழவர் படிக்க முடியாது. பணம் கொடுத்த வெளிநாட்டானுக்கு அறிக்கை. பணம் யார் பெயரால் வந்ததோ அவர்க்குப் படம் மட்டும்.

இது வெறும் மொழிப்பற்றுச் சிக்கலன்று. மொழி இங்கே பூட்டாகப் பயன்படுகிறது. 'நூறு கன்று கொடுத்தோம்' என்று தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால், 'ஐம்பதுதானே வந்தது' என்று கேட்க ஒரு கிழவர் வருவார். ஆங்கிலத்தில் எழுதிச் சென்னையில் வைத்துக்கொண்டால் எவர் வருவார்? தணிக்கையாளர் தாளைத்தான் பார்ப்பார். தோப்பைப் பார்ப்பவர் ஊரார். ஊராரின் மொழியில் கணக்கு இல்லையென்றால் கணக்கே இல்லை.

1990களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் ஊதியம் வாங்காமல் மாலைதோறும் எழுத்தறிவித்தனர். கல்லுடைக்கும் பெண்களும் கையெழுத்துப் போடவும் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அப்பெண்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் கணக்கை எழுத நிறுவனங்களுக்கு என்ன தடை?

தில்லி செய்யும் வேலை

கணக்குக் கேட்கும் பொறுப்பைத் தில்லியிடம் ஒப்படைத்துவிட்டால் போதும் என்பாரும் உளர். தில்லி என்ன செய்தது? வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 1976இல் நெருக்கடிக் காலத்தில் கொண்டுவந்தது, 2010இல் புதுப்பித்தது, 2020இல் திருத்தி, நிருவாகச் செலவு 50 விழுக்காடு வரை போகலாம் என்பதை 20 ஆக்கியது. அவ்வளவில் நன்று. ஆனால் கன்னியாகுமரிச் சிற்றூரில் பணிசெய்யும் அமைப்பும் வெளிநாட்டுப் பணத்தை முதலில் புதுத்தில்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளையில்தான் பெறவேண்டும் என்றும், பெரிய அமைப்பு சிறிய அமைப்புக்கு அப்பணத்தைப் பகிர்ந்தளிக்கக் கூடாது என்றும் கட்டியது. 2022இல் அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகளை மக்கள் பார்க்கும்படி இருந்த இணையப் பக்கங்களையும் உள்துறை அமைச்சகம் நீக்கிவிட்டது. தனக்கு மட்டும் கணக்கு, மக்களுக்கு இல்லை!

தன் வீட்டுக் கணக்கையாவது காட்டியதா? மகுடை நோய்க் காலத்தில் 2020இல் தலைமையமைச்சரையே தலைவராகக் கொண்டு 'பி.எம். கேர்சு' என்னும் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. முதல் ஐந்து நாளிலேயே 3,076 கோடி உருபா சேர்ந்தது. முன்னிருப்பும் சேர்த்து 2020-21இல் மொத்தம் 10,990 கோடி இருந்தது, 3,976 கோடி செலவாயிற்று என்று சுருக்கக் கணக்கு வெளியாயிற்று. அரசு நிறுவனங்களும் அள்ளிக் கொடுத்தன. ஆனால் அஃது அரசின் நிதியன்று, தகவல் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 2021இல் தில்லி உயர் நயன்மன்றத்தில் சொல்லப்பட்டது. அரசின் முத்திரையோடு தண்டுவதாம். அரசுக்குரிய கணக்கு மட்டும் காட்டாதாம். சிறியவன் பையைத் துழாவுகிறவன் தன் பையைத் தைத்துக்கொண்டால் அவனைக் காவலன் என்பதா?

ஆகவே தில்லியின் கயிற்றைத் தமிழர் வேண்டுவது தற்கொலை. பிடிக்காத அமைப்பை நெரிக்கவும் பிடித்த அமைப்பைத் தழுவவும் அக்கயிறு பயன்படும். கணக்குக் கேட்கும் உரிமை ஊர்மக்களுக்கு வேண்டும்.

முதலில் நம் வீடு

இவ்வளவும் பிறரைப் பார்த்துச் சொல்லியாயிற்று. தமிழின் பெயரால் தண்டுவோர் தூயரா? மாநாட்டு நிதி, சிலை நிதி, மலர் நிதி, மன்றக் கட்டட நிதி என்று பற்றுச்சீட்டு அடித்துத் தண்டிய அமைப்புகளில் எத்தனை, மாநாடு முடிந்தபின் வரவு செலவை அச்சிட்டுக் கொடுத்தன? 'தமிழுக்காகச் செய்கிறோம், எங்களையா கேட்பது?' என்று சினப்பார் உளர். தமிழுக்காகச் செய்பவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். பள்ளி ஆசிரியரும் நெசவாளரும் கடைத்தொழிலாளரும் தம் வயிற்றைக் கட்டிக் கொடுத்த காசு அது. மொழித்தூய்மை பேசும் வாய்க்குக் கைத்தூய்மை இல்லையாயின், பகைவர் தேடி வரவேண்டியதில்லை. இயக்கம் தானே அழியும். தனித்தமிழ் பேசுவோர் தனிக்கணக்கு வைத்துக்கொள்ளலாகாது.

வேண்டுவன

ஒன்று: தமிழ்நாட்டில் பொதுமக்களிடமோ அவர்கள் பெயராலோ நன்கொடை தண்டும் அமைப்பு எதுவாயினும், அதன் ஆண்டு வரவு செலவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இரண்டு: அதில் உயர்ந்த ஊதியம் பெறும் ஐவரின் பதவியும் தொகையும், கடைசிப் பணியாளர் பெறும் தொகையும் அருகருகே இருக்க வேண்டும்.

மூன்று: எந்த ஊரின் பெயரால் தண்டப்பட்டதோ அந்த ஊரின் ஊராட்சிச் சுவரில் அக்கணக்கை ஒட்ட வேண்டும், ஊரவைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

நான்கு: கணக்குக் காட்டாதாரும் அவர் நெருங்கிய உறவினரும் மீண்டும் அவ்வமைப்பின் பொறுப்புக்கு வரலாகாது.

ஐந்து: இவற்றைக் காக்கத் தமிழ்நாட்டரசு தனிச்சட்டமும் தனி ஆணையமும் அமைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கையெழுத்தும் இன்றி இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. நன்கொடை கேட்டு எவர் வாயிலில் நின்றாலும், 'சென்ற ஆண்டுக் கணக்கைத் தமிழில் காட்டுங்கள். உங்கள் தலைவர்க்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்' என்று கேளுங்கள். நேர்மையான தொண்டர் மகிழ்ந்து காட்டுவார். அவர்க்கு இருமடங்கு கொடுங்கள். முகம் சுளிப்பவர்க்கு வழிகாட்டி அனுப்புங்கள். வள்ளுவர் ஒப்புரவறிதலை முன்வைத்து ஈகையை அதன் பின்வைத்தார். ஊரோடு ஒத்து நடக்க அறியாதவன் கையில் ஈகை நிலைக்காது.

தமிழ் மக்களே! உங்கள் இரக்கம் பிறர்க்கு முதலாகக் கூடாது. ஆலங்குடிப் பந்தலில் நூறு உருபா எழுதிய கிழவிக்குத் தன் நூறு உருபா எங்கே இருக்கிறது என்று தெரியும். அவள் அறத்துக்கென்று போட்ட பத்து உருபாவும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவேண்டும். அதையும் அவள் தன் கண்ணால், தன் மொழியில் படிக்க வேண்டும்.